மண்ணிறக் குட்டிகளின் தகப்பன்

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் தடுமாறுவேன். கனடாவுக்கு வந்த பிறகு நான் தமிழில் எழுதியதெல்லாம் பாம்புப் பெட்டிகளில் ஒட்டுகிற துண்டுகள்தான். ‘தோல் கழற்றுது, தொட வேண்டாம்.’ ‘எலி எடுக்கவில்லை.’ இதைவிட நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தட்டச்சுச் செய்கிற பிள்ளை எழுத்துப் பிழைகளைத் திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

ரீச்சரின் பாம்பு அறைக்கு இப்போது புதிதாக ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். ‘ஹெற்’ என்றால் என்ன, ‘நோர்மல்’ என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

1. கும்பிட்ட கை

நான் பார்க்டேலில் ஓர் அறையில் இருந்துகொண்டு, காட்போட் பெட்டி செய்கிற ஃபக்ரறி ஒன்றில் வேலை செய்தேன். அது மூடப்பட்ட பிறகு பல மாதம் வேலை இல்லை. ஸ்காபரோவில் தெரிந்த ஒருவர், மில்லிக்கனில் ஒரு ரீச்சர் இருக்கிறா, மிருகங்களைப் பராமரிக்க ஆள் தேடுகிறா என்றார். நாய் பூனை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ரீச்சரின் பெயர் சரோஜினி. ஊரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விலங்கியல் படிப்பித்தவர். இங்கே வந்தும் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். என்னைவிட வயதில் இளையவர். பேஸ்மென்ற் கதவைத் திறந்து படியால் கூட்டிக்கொண்டு போனார். சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டுகள் முழுக்கப் பிளாஸ்ரிக் பெட்டிகள். அறை பங்குனி வெயில் போலச் சூடாக இருந்தது. பெட்டிகளுக்குப் பின்னால் சூடு தருகிற ‘ஹீற் ரேப்’ பட்டி ஓடுகிறது என்று பிறகுதான் தெரியும்.

“உதுக்குள்ள என்ன ரீச்சர்?” என்று கேட்டேன்.

“பாம்பு.”

“எல்லாத்துக்குள்ளயுமோ?”

“ஓம். முதலே சொல்லியிருந்தா நீங்கள் படியே இறங்கியிருக்க மாட்டியள்.”

அவர் ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே ஒரு பெண் போவா, மலைப்பாம்பு போல விஷமில்லாத பாம்பு. இலேசாக மஞ்சள் கலந்த வெள்ளை, சிவந்த கண். என் இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன. நாகதம்பிரானைக் கும்பிட்டு வளர்ந்தவன் வேறென்ன செய்வான்? ரீச்சர் சிரிக்கவில்லை.

“கும்பிடுங்கோ. அதில ஒரு பிழையும் இல்லை. ஆனா கும்பிட்ட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத் தொடுங்கோ. எலி மணத்தா, சாமி எண்டு நீங்கள் நினைக்கிறது அதுக்குத் தெரியாது.”

அன்று படித்த முதல் பாடம் அது. இந்த வேலையில் எனக்குக் கடி விழுந்தது ஒரேயொரு முறை. அதுவும் கை கழுவாத நாளில்.

2. மாப்பிள்ளை வீட்டார்

அந்த வெள்ளைப் போவாவுக்கு நான் வெள்ளைச்சி என்று பெயர் வைத்தேன். ரீச்சர் அதைக் கையளவு குட்டியாக வாங்கி வளர்த்தவர். தொழிலில் அதை அல்பினோ என்பார்கள். உடம்பில் கறுப்பு நிறம் உண்டாகாது.

ரீச்சர் இதை எனக்குச் சொல்லித் தந்த விதம் இப்படி. ஒவ்வொரு குட்டியும் எந்தக் குணத்தையும் இரண்டு பங்காக வாங்குகிறது. தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று. கறுப்பு நிறத்துக்கு ஒரு நல்ல பங்கு கிடைத்தாலே போதும், குட்டி சாதாரணப் பாம்பு போல மண்ணிறமாக இருக்கும். அதைத்தான் நோர்மல் என்கிறோம். இரண்டு பங்கும் பழுதாக இருந்தால்தான் வெள்ளை. ஒரு பங்கு நல்லது, ஒரு பங்கு பழுது என்றால் வெளியே மண்ணிறம், உள்ளே வெள்ளை ஒளிந்திருக்கிறது. அதற்குப் பெயர் ஹெற். பார்த்தால் தெரியாது. அதன் பிள்ளைகளைப் பார்த்தால்தான் தெரியும்.

“அப்ப வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தா?” என்று கேட்டேன்.

“ரெண்டு பக்கத்திலயும் குடுக்கிறதுக்கு நல்ல பங்கே இல்லை. குட்டியெல்லாம் வெள்ளைதான்.”

இந்தக் கணக்கை ரீச்சரின் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி நேசனும் கேட்டார். நேசன் மொன்றியலுக்குச் சாமான் ஏற்றி ரக் ஓடுகிறவர். அந்தக் காலத்தில் வெள்ளைப் போவா அவ்வளவு அருமை. விண்ட்சர் பக்கத்தில் நடந்த ஒரு கண்காட்சியில், சேமித்ததையெல்லாம் போட்டு ஒரு வெள்ளை ஆணை வாங்கிவிட்டார். ஆணை அவர் தருவது, பெண்ணை ரீச்சர் வைத்திருப்பது, குட்டிகள் ஆளுக்குப் பாதி. தொழிலில் இப்படிச் செய்வது வழக்கம்.

நேசன் அதைக் கொண்டுவந்த நாள் மறக்காது. பஞ்சாங்கத்தில் நாள் பார்த்து, மனைவி வசந்தி பட்டுச்சேலையோடு, தட்டத்தில் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு பேஸ்மென்ற் படியால் இறங்கினார்கள். நேசன் தோளில் குளிருக்குப் போர்த்த பை. அதற்குள் மாப்பிள்ளை.

“பொம்பிளை வீட்டுக்காரர் ஒரு தேத்தண்ணியும் தரமாட்டியளோ?” என்றார் நேசன்.

“மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் எண்டு முதல் சொல்லுங்கோ,” என்றார் ரீச்சர்.

“கனடியன் சிற்றிசன். சீதனம் ஒண்டும் வேண்டாமாம்.”

வசந்தி வெள்ளைச்சியின் பெட்டிக்குக் குங்குமம் வைத்தார். “நிறத்தைப் பாருங்கோ, ரெண்டும் ஒரு வீட்டுப் பிள்ளையள் மாதிரி. நல்ல பொருத்தம்,” என்றார். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது. நிறம் ஒன்று என்றால் இனம் ஒன்று. வேறு எதையும் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

3. பிறந்த காலை

போவா முட்டை இடாது, குட்டி போடும். வெள்ளைச்சி கோடை முழுக்கச் சாப்பிடாமல் சூட்டுப் பக்கம் படுத்திருந்தாள். ஒருநாள் காலையில் நான் வந்து பெட்டியை இழுத்தேன். இருபதுக்கு மேற்பட்ட குட்டிகள், ஈரம் காயாமல் ஒன்றின் மேல் ஒன்றாக நெளிந்தன. எல்லாம் மண்ணிறம். கடைசிக் குட்டி வரைக்கும் விலக்கிப் பார்த்தேன். ஒரு வெள்ளைகூட இல்லை.

ரீச்சர் வந்து பார்த்தார். குட்டிகளுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார்.

நேசன் ரக்கை நிறுத்திவிட்டு நேராக வந்தார். வரும்போதே இனிப்புப் பெட்டி கையில் இருந்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. இனிப்பைத் தட்டில் வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். கீழ்த்தட்டில் நாங்கள் வைத்திருந்த நோர்மல் ஆண் போவா அவருடைய கண்ணில் பட்டது.

“உது ஆர்?”

“உது கன காலமா இஞ்ச நிக்கிறது,” என்றார் ரீச்சர்.

“அப்ப சரி. விளங்குது. பெட்டி கழுவேக்க உந்தாள் மாறி விட்டிருக்கிறார். உந்த மண்ணிறத்தானைத் தூக்கி வெள்ளைச்சியின்ர பெட்டிக்குள்ள போட்டிருக்கிறார். பிள்ளையள் எங்கட இல்லை.”

உந்தாள் என்றது என்னை. அதுவரை என்னைச் சிவமண்ணை என்றுதான் கூப்பிட்டவர்.

அறைச் சாவி இரண்டு. ஒன்று ரீச்சரிடம், மற்றது என்னிடம். பெட்டி கழுவுகிறவன் நான் ஒருவன்தான். நேசன் சொன்னதில் நம்ப முடியாதது ஒன்றும் இல்லை. அவருடைய சேமிப்பு முழுக்க அதில் இருந்தது. வீட்டுக்கு முற்பணம் கட்டப்போகிறோம் என்று வசந்தி கோயிலில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. நான் அப்படிச் செய்யவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வெட்கப்படுகிறவன் பேசாமல் நின்றால் பார்க்கிறவர்களுக்குக் குற்றவாளி போலத்தான் இருக்கும்.

ரீச்சர் சொன்னார்: “நேசன், எங்கட ஆக்கள் கலியாணத்தில செய்யிற அதே வேலையைச் செய்யாதையும். பிள்ளை நினைச்ச மாதிரி இல்லையெண்டா உடனே பொம்பிளை பிழை, பொம்பிளை வீடு பிழை.”

“அப்ப நீங்களே சொல்லுங்கோவன் ரீச்சர். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வெள்ளைதான் எண்டு சொன்னது நீங்கள்தானே?”

நேசன் தன் ஆணையும் பாதிக் குட்டிகளையும் எடுத்துக்கொண்டு போனார். குட்டிகளைச் சாதாரணப் பாம்பு விலைக்குச் செல்லப்பிராணிக் கடைகளில் கொடுத்துவிட்டார் என்று பிறகு அறிந்தேன்.

4. ஒரே கேள்வி

நேசன் போன பிறகு ரீச்சர் ஒரு ஸ்ரூலை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார்.

“அண்ணை, ஒருக்கா மட்டும் கேக்கிறன். வேற ஆண் ஏதும் வெள்ளைச்சியின்ர பெட்டிக்குள்ள போனதோ?”

“இல்லை ரீச்சர்.”

“சரி.”

அவ்வளவுதான். நான் வேலையை விடுகிறேன் என்றேன். “நீங்கள் போனா உந்தக் குட்டியளுக்கு ஆர் எலி வைக்கிறது? எழும்புங்கோ,” என்றார்.

பிறகு வந்த நாட்களில் அவர் வேலை செய்கிறபோதெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தார். தெரிந்த வளர்ப்பாளர்களுக்குப் போன் பண்ணினார். ஒருநாள் ரிசீவரை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணை, இவர் பெரிய ஆள். என்ன சொல்லுறார் தெரியுமே? கூடு கழுவுறவனை மாத்தட்டாம்.”

“மாத்துறியளோ?”

“அவரை மாத்தப் போறன். இனி அவரிட்ட கேக்கிறேல்லை.”

ஒரு கிழமை கழித்து, நான் தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருக்கும்போது என் பழைய ஃபக்ரறியைப் பற்றிக் கேட்டார். எத்தனை மெசின், என்னென்ன வேலை என்று. முதலில் மட்டையை வெட்டுகிற மெசின், அடுத்தது ஒட்டுகிற மெசின் என்றேன். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டிரண்டு மெசின் இருந்தது. ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும்.

“வெட்டுற ரெண்டும் பழுதாப் போனா?”

“பெட்டி வராது ரீச்சர்.”

“வெட்டுறது சரி, ஒட்டுற ரெண்டும் பழுது எண்டா?”

“அப்பவும் பெட்டி வராது.”

“வெளியில நிண்டு பாக்கிறவனுக்கு?”

“ரெண்டும் ஒண்டுதான். பெட்டி இல்லை.”

ரீச்சர் மேசையில் கையால் தட்டினார். அவர் சத்தமாகத் தட்டி நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

“கறுப்பு நிறமும் அப்பிடித்தான் அண்ணை. உடம்புக்குள்ள ஒரு படியில வாறேல்லை, ரெண்டு மூண்டு படி இருக்கு. வெள்ளைச்சிக்கு வெட்டுற ரெண்டும் பழுது, ஒட்டுறது சரி. நேசன்ர ஆணுக்கு வெட்டுறது சரி, ஒட்டுற ரெண்டும் பழுது. வெளியில ரெண்டும் ஒரே வெள்ளை. குட்டிக்கு என்ன கிடைக்கும்? வெட்டுறதில ஒரு நல்லது தேப்பனிட்ட இருந்து. ஒட்டுறதில ஒரு நல்லது தாயிட்ட இருந்து.”

“பெட்டி வரும்,” என்றேன்.

“பெட்டி வரும்! குட்டி மண்ணிறம். எல்லாக் குட்டியும் மண்ணிறம்.”

இதை நான் இப்போது எழுதும்போதும் மயிர்க்கூச்செறிகிறது. கணக்குக்காக மட்டும் அல்ல, அவர் அந்தக் கணக்குக்கு வந்த வழிக்காகவும். பிறகொரு நாள் அவரே சொன்னார். “நீங்கள் இல்லையெண்டு சொன்னியள். வெள்ளைச்சி அதுக்கு முதல் ஒரு ஆணையும் கண்டதில்லை. அப்ப தேப்பன் நேசன்ர ஆண்தான். தேப்பனும் சரி, தாயும் சரி எண்டா, பிழை நான் படிச்ச கணக்கிலதானே இருக்க வேணும்.” பட்டம் பெற்று, படிப்பித்து, அந்தக் கணக்கையே நம்பி வாழ்ந்தவர். ஐந்தாம் வகுப்புக்காரனின் ஒரு சொல்லைக் கணக்கின் அடியில் வைத்து, மீதியை அதற்கு மேல் கட்டினார்.

“இதை நேசனிட்ட சொல்லுவமே ரீச்சர்?”

“சொன்னா நம்பமாட்டார். கதை எண்டுவார். காட்ட வேணும். அதுக்கு உந்தக் குட்டி ஒண்டு வளர வேணும்.”

5. தகப்பனும் மகளும்

ஒரு பெண் குட்டியைச் சின்னவள் என்று பெயர் வைத்து வளர்த்தோம். போவா தாயாகும் வயதுக்கு வர மூன்று வருடத்துக்கு மேல் எடுக்கும். அந்த வருடங்கள் எனக்குச் சுகமாக இருக்கவில்லை. ஸ்காபரோ பிளாசாவில் தேநீர் குடிக்கப் போனால், “உவர்தானே பாம்பை மாறி விட்டவர்?” என்று பின்மேசையில் மெல்லப் பேசுவார்கள். நான் அங்கே போவதை விட்டேன். ரீச்சரின் வீட்டு விசேஷங்களுக்கு நேசன் குடும்பம் வரும்போது நான் பேஸ்மென்ற்றிலேயே இருந்துவிடுவேன்.

சின்னவள் வளர்ந்த மார்கழியில் ரீச்சர் நேசனையும் வசந்தியையும் தேநீருக்குக் கூப்பிட்டார். என்னையும் மேலே வரச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன்.

“நேசன், உம்மட ஆணை ஒருக்காக் கொண்டுவாரும். சின்னவளோட விட வேணும்.”

நேசன் கோப்பையை வைத்துவிட்டார். “சின்னவள் எண்டா அந்த ஈத்தில பிறந்ததோ?”

“ஓம்.”

“ஐயோ ரீச்சர், என்ன கதை கதைக்கிறியள்? தேப்பனையும் மகளையுமோ? பாவமெல்லே!”

ரீச்சர் பிஸ்கற் தட்டை அவர் பக்கம் தள்ளினார். “மகளோ? ஆற்ர மகள்?”

நேசன் எடுத்த பிஸ்கற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

“பிள்ளையள் எங்கட இல்லை எண்டு கீழ நிண்டு சொன்னது நீர்தானே? உம்மட சொல்லுப்படி அது எங்கட மண்ணிறத்தான்ர மகள். உம்மட ஆணுக்கு அந்நியப் பொம்பிளை. பிறகென்ன பாவம்?”

முதலில் சிரித்தது வசந்திதான். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். “மாட்டிக்கொண்டார்! மகள் எண்டு உங்கட வாயாலயே சொல்லிப்போட்டியளப்பா.” நேசனுக்கும் அடக்க முடியவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. வாய் தவறி வந்தது என்றார்.

ரீச்சர் பிறகு கணக்கை வைத்தார். இரண்டு வெள்ளையின் பழுதும் வேறு வேறு என்று, இரண்டையும் விற்றவர்களிடம் பரம்பரை விசாரித்து அதற்குள் உறுதிப்படுத்தியிருந்தார். சின்னவள் மண்ணிறத்தானின் பிள்ளை என்றால், அவளிடம் வெள்ளைச்சியின் பழுது மட்டும்தான் இருக்கும். நேசனின் ஆணோடு சேர்ந்தால் ஒரு வெள்ளைகூட வராது. நேசனின் ஆணின் பிள்ளை என்றால், அவளிடம் ஒட்டுகிறதில் ஒரு நல்லது, ஒரு பழுது. ஆணிடம் ஒட்டுகிற இரண்டும் பழுது. குட்டிகளில் கிட்டத்தட்டப் பாதி வெள்ளையாக வரும். நடுவில் நின்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்று பூச்சியம், இல்லாவிட்டால் பாதி.

“வெள்ளை வந்தா அவ்வளவும் உமக்கு,” என்றார் ரீச்சர். “நான் ஒண்டும் எடுக்கமாட்டன். வராட்டி உமக்கு அண்டைக்கு வந்த நட்டம் முழுக்க நான் தாறன்.”

நேசன் நம்பாமல் பார்த்தார். “வெண்டாலும் எனக்கு, தோத்தாலும் எனக்கு. அப்ப உங்களுக்கு என்ன ரீச்சர் லாபம்?”

ரீச்சர் கதவோரம் திரும்பிப் பார்த்தார். “எனக்கு ஆள் இருக்கு வேலைக்கு,” என்றார்.

நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. கீழே போய், கழுவின கிண்ணங்களை இன்னொரு முறை கழுவினேன்.

6. போன்

நேசனின் ஆண் வந்தது. இந்த முறை பட்டுச்சேலையும் இல்லை, தட்டமும் இல்லை. அறையில் இருந்த நோர்மல் ஆணை ரீச்சர் முதலே வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுத்துவிட்டார். என்னை நம்பாததால் அல்ல, நாளைக்கு எவரும் என்னை ஒன்றும் கேட்கக்கூடாது என்பதால்.

கோடையில் ஒருநாள் காலையில் சின்னவளின் பெட்டிக்குள் அசைவு தெரிந்தது. பிளாஸ்ரிக் ஊடாகத் தெளிவாகத் தெரியவில்லை. இழுக்கக் கை வரவில்லை. மேலே போய் ரீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

“நீங்கள் இழுங்கோ,” என்றார்.

இழுத்தேன். மண்ணிறக் குட்டிகளுக்கு நடுவில் வெள்ளைக் குட்டிகள். சிவந்த கண்ணோடு, ஈரத்தோடு, நாக்கை நீட்டிக்கொண்டு. ஒன்று இரண்டு அல்ல. பார்த்தவுடனே பாதி என்று தெரிந்தது.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வெள்ளைக் குட்டியைக் கையில் எடுத்து, அதன் முதுகில் இருந்த சேணம் போட்டது போன்ற செம்மஞ்சள் குறிகளைக் காட்டினார். வெள்ளைச்சியின் குறிகள் மங்கலாக இருக்கும். இவை கீறி வைத்தது போல இருந்தன, நேசனின் ஆணுக்கு இருப்பது போலவே. அந்த வித்தியாசத்தை முதல் நாளே எல்லோரும் கண்டிருக்கலாம். ஒருவரும் பார்க்கவில்லை.

“நேசனுக்குப் போன் பண்ணுங்கோ அண்ணை.”

“நானோ?”

“நீங்கள்தான்.”

நான் ஒருவருக்கும் போன் பண்ணுகிறவன் அல்ல. நம்பரை இரண்டு முறை பிழையாக அழுத்தினேன். நேசன் எடுத்தார்.

“நான் சிவம். சின்னவள் குட்டி போட்டிட்டாள்.”

“வெள்ளை இருக்கோ?”

“இருக்கு.”

“எத்தினை?”

“நான் எண்ணேல்லை. நீங்கள் வந்து எண்ணுங்கோ.”

அவ்வளவு நீளமாக நான் நேசனோடு கதைத்தது அதுதான் முதல் முறை. பக்கத்தில் நின்ற ரீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

நேசன் வந்தார். பெட்டியைப் பார்த்தார். எண்ணவில்லை. பேஸ்மென்ற் படியில் குந்தி, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். முதல் ஈற்றில் அவர் கடைகளுக்குக் கொடுத்த மண்ணிறக் குட்டிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதமான வெள்ளை ஒளிந்திருந்தது. அது அவருக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது என்று நினைக்கிறேன்.

“அண்ணை,” என்றார் கடைசியில். “பிளாசாவில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வருவமே?”

போனோம். தெரிந்த ஆட்கள் நிறைந்த நேரமாகப் பார்த்து, நடுமேசையில் என்னை இருத்தினார். “பிழை விட்டது நான், இவரில்லை,” என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார். நான் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் என்னோடு பிறந்தது, அது போகாது.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். மண்ணிறப் பாம்பைச் சும்மா நோர்மல் என்று விலை வைத்துவிடாதீர்கள். அதன் தாய் தகப்பனைக் கேளுங்கள். இரண்டு வெள்ளை ஒன்றுபோல இருந்தால், சேர்ப்பதற்கு முன் அவை எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். எதிர்பார்த்த நிறம் வராவிட்டால், கூடு கழுவுகிறவரிடம் ஒரு முறை கேளுங்கள், ஒரே ஒரு முறை. அவர் சொல்லும் பதிலை எடுத்துக்கொண்டு போய்க் கணக்கைத் திரும்பப் போடுங்கள். ரீச்சர் என்னிடம் இரண்டாவது முறை கேட்டிருந்தால், நான் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். சின்னவளை எவரும் வளர்த்திருக்க மாட்டார்கள். ரீச்சரின் கணக்கு பிழை என்றே இருந்திருக்கும்.

இதை எழுத வேண்டும் என்று கன நாளாக நினைத்து, இன்றைக்குத்தான் முடித்தேன்.

ஸ்காபரோ, 14 நவம்பர் 1999.